அப்பாவின் 72 கொம்பி சூடானதும் நின்றுவிடுகிறது. எஞ்சினை மாற்றத்தான் வேண்டுமா?

வெள்ளவத்தைக் கொம்பி | ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். இங்கே நெடுநாளாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

எங்கள் வீட்டில் 1972ஆம் வருடத்து ஃபோக்ஸ்வேகன் கொம்பி வான் ஒன்று இருக்கிறது. 1600 எஞ்சின். அப்பா எண்பதுகளில் வாங்கியது. பின்னால் இருந்த சீற்றுகளைக் கழற்றிவிட்டு, தானே பலகை அறுத்து, மடித்து விரிக்கிற கட்டில், சின்ன அலுமாரி, அடுப்பு வைக்க ஒரு தட்டு எல்லாம் செய்தார். பள்ளிக்கூட லீவுக்கு நுவரெலியா, கதிர்காமம் எல்லாம் அதில்தான் போவோம். இரவு படுக்கையும் அதற்குள்ளேதான்.

அப்பா போய் மூன்று வருடம். வான் கடைசியாக ஒழுங்காக ஓடியது 2022 பெற்றோல் தட்டுப்பாட்டுக்கு முன்னர். அதற்குப் பிறகு எங்கள் ஒழுங்கையில், கடலிலிருந்து நூறு மீற்றர் தூரத்தில், படங்கு போர்த்தியபடி நின்றது. இந்த வருடம் எடுத்தோம். ராங்கியில் கிடந்த பழைய பெற்றோல் வார்னிஷ் மாதிரி மணத்தது. ராங்கியையும் காபரேட்டரையும் கழுவி, புது பற்றரி போட்டதும் ஸ்டார்ட் ஆகிவிட்டது.

பிரச்சினை இதுதான். காலையில் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகும். காலி வீதி நெரிசலில் அரை மணி நேரம் நின்று நின்று போனால், கொள்ளுப்பிட்டியை நெருங்கும்போது இழுவை குறைந்து, இருமி, நின்றுவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகும். மூன்று தடவை இப்படி நடந்துவிட்டது.

இரண்டு கராஜில் காட்டினேன். இரண்டு இடத்திலும் ஒரே பதில்: "காத்தில் குளிருற எஞ்சின் கொழும்புச் சூட்டுக்குச் சரிவராது, ஜப்பான் எஞ்சின் ஒன்றைப் போட்டுவிடுங்கள்." காசு ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த எஞ்சின் சத்தம் ஒழுங்கை முனையில் கேட்டதும் அம்மா கேற்றைத் திறக்க எழும்பிவிடுவார். அதை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அம்மாவை ஏற்றிக்கொண்டு நுவரெலியா போய்வர வேண்டும், நடுவழியில் நிற்கவும் முடியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மருதானை வான் | ஞாயிறு, இரவு 10.15

தங்கச்சி, கோபிக்காமல் கேளுங்கள். என்னுடைய 75 கொம்பியிலும் இதே கதைதான். ஆறு வருடத்துக்கு முன்னர் டொயோட்டா எஞ்சின் போட்டேன். முன்னால் ரேடியேட்டர், வானுக்குக் கீழே தண்ணீர்க் குழாய், கியர்பொக்ஸோடு இணைக்க ஒரு தகடு. இப்போது ஏசி போட்டுக்கொண்டே மலை ஏறுகிறேன். பார்ட்ஸ் எந்தச் சந்தியிலும் கிடைக்கிறது.

குறையும் சொல்லவேண்டும். தண்ணீர்க் குழாய் இரண்டு தரம் கழன்று வழியில் நின்றிருக்கிறேன். சி.ஆர். என்கிற வாகனப் பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கமும் இருப்பதால், மாற்றினால் மோட்டார் திணைக்களத்தில் பதிந்தே ஆகவேண்டும். அதைச் செய்யாமல் ஓடுகிறவர்கள் விற்கும்போது மாட்டிக்கொள்கிறார்கள். இவ்வளவும் சேர்த்துப் பார்த்தாலும் நான் மாற்றச் சொல்வேன்.

கொட்டாஞ்சேனை ஸ்பானர் | திங்கள், காலை 5.50

பிள்ளை, எஞ்சினை மாற்றுகிற கதையை ஓரமாக வையுங்கள். இந்த எஞ்சின்களோடு நாற்பது வருடம் வேலை செய்துவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறேன். நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். இதில் இரண்டு வருத்தம் சேர்ந்து இருக்கிறது: ஒன்று நிற்பது, மற்றது சூடாவது. இரண்டையும் ஒன்றாகப் பார்த்ததால்தான் கராஜ்காரருக்கு எஞ்சினையே மாற்றத் தோன்றியிருக்கிறது.

முதலில் நிற்பது. அடுத்த தடவை நின்றதும் சாவியைத் திருப்பிப் பாருங்கள். 'டிக்' என்று ஒரு சத்தத்தோடு சரியா, இல்லை எஞ்சின் சுற்றுகிறதா? டிக் மட்டும் கேட்டால் அது ஸ்டார்ட்டர் வயர் பிரச்சினை. கொம்பியில் சாவி முன்னால், ஸ்டார்ட்டர் பின்னால். அவ்வளவு நீள வயர் ஐம்பது வருடத்தில் தளர்ந்து, சூட்டில் கரண்ட் போதாமல் போகும். ஒரு ரிலே போட்டால் தீரும். எஞ்சின் சுற்றியும் பற்றாமல் இருந்தால், பெற்றோல் வரவில்லை அல்லது பொறி வரவில்லை.

பெற்றோலைப் பார்ப்பது லேசு. எயார் கிளீனரைக் கழற்றி, டோர்ச் அடித்துக் காபரேட்டர் வாய்க்குள் பாருங்கள். திரொட்டில் கையை விரலால் இழுத்தால் மெல்லிய நூல்போல் பெற்றோல் பாயவேண்டும். பாய்ந்தால் பெற்றோலில் பிழையில்லை. பிறகு மூடிவிட்டு, பெற்றோல் மணம் போகும்வரை பொறுங்கள். பொறிக்கு மின்சாரம் ஏற்றும் கொயிலிலிருந்து, அதைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் டிஸ்ரிபியூட்டருக்கு வரும் நடுவயரை மூடியிலிருந்து கழற்றி, ரப்பர் பிடியுள்ள குறட்டால் பிடித்து, எஞ்சின் இரும்புக்குக் கால் அங்குல தூரத்தில் வைத்து இன்னொருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். நீலமாக, 'சடக்' என்று பாயவேண்டும். மஞ்சளாக மெலிந்து வந்தால் கண்டன்சரைத்தான் முதலில் சந்தேகிப்பேன். டிஸ்ரிபியூட்டர் பக்கத்தில் சின்னக் குப்பி மாதிரி இருப்பது. சூடானால் செத்து, ஆறினால் உயிர் வருவது அதனுடைய குணம்.

இனிச் சூடு. இந்த எஞ்சின் கொழும்புச் சூட்டுக்குச் சரிவராது என்பதை நான் ஏற்கமாட்டேன். பிரேசிலில் 2005 முடியும்வரை இதே காற்று எஞ்சினோடுதான் புதுக் கொம்பி செய்து விற்றார்கள். அந்த நாட்டு வெயில் கொழும்பு வெயிலுக்குக் குறைந்தது இல்லை.

இது குளிர்கிற விதம் விளங்கினால் மீதி தானாக விளங்கும். பின் ஜன்னலுக்குப் பின்னால், இரண்டு பக்கமும் காது மாதிரி வெட்டியிருக்கிறதே, அதனால்தான் காற்று எஞ்சின் அறைக்குள் வருகிறது. ஃபேன் அதை இழுத்துச் சிலிண்டர்கள்மேல் தள்ளும். சூடான காற்று கீழே, தெருப்பக்கம் போய்விடும். மேலே குளிர்க் காற்று, கீழே சூட்டுக் காற்று. இரண்டையும் பிரிப்பது எஞ்சினைச் சுற்றியுள்ள தகடுகளும், தகட்டுக்கும் பொடிக்கும் நடுவே ஓடும் ஒரு ரப்பர் பட்டையும்தான். அந்த ரப்பர் இல்லையென்றால் கீழே போன சூட்டுக் காற்றையே ஃபேன் மறுபடி மேலே இழுக்கும். நெரிசலில் நிற்கும்போது இது இன்னும் மோசம்.

மூன்று விஷயம் பார்த்து எழுதுங்கள். ஒன்று, அந்த ரப்பர் சுற்றிவர முழுதாக இருக்கிறதா. இரண்டு, இந்த ஊரில் ஹீட்டர் எதற்கு என்று பலர் ஹீட்டர் பெட்டிகளைக் கழற்றிச் சாதாரண புகைக்குழாய் போட்டுவிடுவார்கள். அது பரவாயில்லை. ஆனால் ஃபேன் பெட்டியிலிருந்து ஹீட்டருக்குக் காற்றுப் போகும் இரண்டு துளைகளை அடைக்கவேண்டும். அடைக்காவிட்டால் சிலிண்டருக்குப் போகவேண்டிய காற்று சும்மா வெளியே ஊதிக்கொண்டிருக்கும். மூன்றாவது, சிலிண்டர்களுக்கு அடியில் இரண்டிரண்டுக்கு நடுவே கொளுவியிருக்கும் சின்னத் தகடுகள். எஞ்சின் பிரித்த யாரோ அதைத் தேவையில்லை என்று எறிந்திருக்கலாம். அவை இல்லாவிட்டால் சிலிண்டரின் கீழ்ப்பக்கம் காற்றுப் படாது.

இன்னொன்று. இதைப் பார்க்கிறவரைக்கும் வானை ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம்: பெற்றோல் ரப்பர் குழாய்கள். ஒவ்வொன்றையும் கையால் வளைத்துப் பாருங்கள். கொம்பிகள் எரிந்துபோன கதைகளில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் தொடங்கும். கீழே டிஸ்ரிபியூட்டர் பொறி, மேலே சொட்டும் பெற்றோல். தீ பிடித்தால் இந்த எஞ்சினின் உடம்பு மக்னீசியக் கலவை, அணைப்பது லேசான காரியம் இல்லை.

ஹட்டன் றோட் | திங்கள், மதியம் 1.05

ஸ்பானர் ஐயா எல்லாம் எழுதிவிட்டார். நான் பிரேக் பற்றி மட்டும் சொல்கிறேன், அக்கா. வான் ஏறாவிட்டால் வழியில் நிற்கலாம். இறங்கும்போது பிரேக் பிடிக்காவிட்டால் நிற்க இடமில்லை.

72 என்றால் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். இவ்வளவு காலம் கடற்கரையில் நின்ற வண்டி. நான்கு சில்லையும் தூக்கி, கையால் சுற்றிப் பாருங்கள். ஏதாவது ஒன்று இறுகி இருக்கும். பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும், அந்த ஈரம் நீண்ட இறக்கத்தில் கொதித்து ஆவியானால் பெடல் அப்படியே தரைக்குப் போய்விடும். ஆகையால் பழையதை முழுக்க வெளியே எடுத்துவிட்டுப் புது டொட் 4 நிரப்புங்கள். ரப்பர் பிரேக் குழாய்களையும் மாற்றுங்கள். அவை வெளியில் நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி அடைத்திருக்கும்.

ரயர் எத்தனை வயது? பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 2314 என்றால் 2014ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது. பட்டன் தேயாமல் நிறைய இருந்தாலும் பத்து வருடம் தாண்டிய ரயரோடு மலைக்கு வரவேண்டாம். வாங்கும்போது 185 ஆர் 14 சி என்று கேளுங்கள். அந்தச் 'சி' பாரம் தாங்குகிற வகை. கடைக்காரர் கார் ரயரைக் காட்டி மலிவு என்பார், எடுக்காதீர்கள். எஞ்சின் பின்னால் இருப்பதால் பின் சில்லுகளுக்குக் காற்றும் முன்னதைவிடக் கூட வேண்டும்.

வெள்ளவத்தைக் கொம்பி | சனி, மாலை 6.30

ஸ்பானர் ஐயா, நீங்கள் சொன்ன மாதிரியே முதலில் பெற்றோல் குழாய். பம்பிலிருந்து காபரேட்டருக்குப் போகும் துண்டைச் சும்மா வளைத்தேன். காய்ந்த முருங்கைக்காய்த் தோல்போல வெடித்துத் துணிநூல் வெளியே வந்துவிட்டது. இதோடுதான் மூன்று தடவை கொள்ளுப்பிட்டி வரை போயிருக்கிறேன் என்று நினைத்து அன்று இரவு நித்திரையே வரவில்லை. அன்றே பற்றரி வயரைக் கழற்றி வைத்துவிட்டேன்.

இன்று காலை பஞ்சிகாவத்தை வாகனச் சாமான் கடையில் புதுக் குழாய் வாங்கி, தம்பியும் நானும் போட்டோம். பிறகு ஒழுங்கையில் நிறுத்தி வைத்தே நாற்பது நிமிடம் ஓடவிட்டோம். நின்றுவிட்டது! எஞ்சின் சுற்றுகிறது, பற்றவில்லை. காபரேட்டருக்குள் பெற்றோல் பாய்கிறது. பொறி மஞ்சள், அதுவும் விட்டு விட்டு.

ரப்பர் பட்டை இடது பக்கம் பாதி இல்லை. எஞ்சின் ஓடும்போது அந்த இடைவெளிக்கு மேலே கையை வைத்தேன். சோற்றுப் பானை மூடியைத் திறந்தால் மணிக்கட்டில் அடிக்குமே, அப்படி ஒரு சூடு கீழேயிருந்து வந்தது. ஃபேன் பெட்டியில் இரண்டு துளையும் இருக்கிறது ஐயா. ஒன்றில் யாரோ சீலைத் துண்டை அடைத்திருக்கிறார்கள், மற்றது திறந்தபடி. கைவிளக்கை அணைத்துவிட்டு ஒரு கடதாசித் துண்டை முன்னால் பிடித்தேன், படபடவென்று அடித்தது. அவ்வளவு காற்றும் வீணாகத்தான் போகிறது.

அடித் தகடுகள் பார்க்கத் தெரியவில்லை.

மருதானை வான் | சனி, இரவு 8.20

இதை வாசித்துவிட்டு எழும்பிப் போய், மாடிப்படிக்குக் கீழே கிடக்கிற என்னுடைய பழைய எஞ்சினைப் பார்த்தேன். ஃபேன் பெட்டியில் இரண்டு துளையும் திறந்தபடி. ரப்பர் பட்டை இருந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. ஆறு வருடத்துக்கு முன்னர் எனக்கு ஒருவரும் இதைச் சொல்லவில்லை.

தங்கச்சி, நான் முதலில் எழுதியதை விட்டுவிடுங்கள். ஐயா சொல்வதைச் செய்யுங்கள்.

கொட்டாஞ்சேனை ஸ்பானர் | ஞாயிறு, காலை 6.10

மருதானைத் தம்பி, உங்கள் வேலையில் பிழை சொல்லமாட்டேன். நன்றாக ஓடுகிறது, ஓடட்டும். அந்தப் பழைய எஞ்சினை மட்டும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.

பிள்ளை, கண்டன்சரும், டிஸ்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் பொயின்றும் புதுசு போடுங்கள். பொயின்ற் இடைவெளி 0.4 மில்லிமீற்றர். இடைவெளி மாறினால் டைமிங்கும், அதாவது பொறி பாயும் நேரமும் மாறும், ஆகவே பொயின்ற் வைத்த பிறகுதான் டைமிங் பார்க்கவேண்டும். கண்டன்சரில் மலிவுச் சாமான் வாங்கினால் ஒரு மாதத்தில் இதே இழையில் இதே கேள்வியைக் கேட்பீர்கள்.

துளை இரண்டுக்கும் தகட்டில் மூடி செய்து இறுக்குங்கள். சீலை வேண்டாம், அது ஒருநாள் ஃபேனுக்குள் போகும். அடித் தகடு பார்க்க எஞ்சினை இறக்கவேண்டும். பயப்படாதீர்கள், பழகிய கைக்கு ஒரு மணி நேர வேலை. இறக்கினால் இன்னொரு லாபமும் உண்டு: ராங்கியிலிருந்து வரும் பெற்றோல் குழாயின் பின்பக்கத் துண்டு எஞ்சின் இருக்கும்போது கைக்கு எட்டாது. முன்பக்கத்தை மாற்றிவிட்டு அதை மறந்தவர்கள் நிறையப் பேர்.

வால்வு இடைவெளியும் பாருங்கள். இரவு முழுக்க நின்ற குளிர்ந்த எஞ்சினில், விடியற்காலையில். எட்டுக்கும் 0.15 மில்லிமீற்றர். 'டிக் டிக்' என்று வால்வு சத்தம் கேட்டால் பலர் பயந்து இறுக்கிவிடுவார்கள். சத்தம் போடுகிற வால்வால் பெரிய ஆபத்து இல்லை. இறுகிப் போனது சத்தமே போடாது, மூடமுடியாமல் இருந்து இருந்து எரிந்து, ஒருநாள் தலை கழன்று பிஸ்டனுக்குள் விழும். முன்பெல்லாம் மூன்றாம் சிலிண்டர்தான் அதிகம் போகும், ஒயில் கூலர் அதற்குப் போகும் காற்றை மறைத்துக்கொண்டு நிற்பதால். 71 மொடலிலிருந்து கூலரைத் தள்ளி வைத்தார்கள். உங்களுடையது 72, எஞ்சின் மாறாமல் இருந்தால் அந்த நல்ல வகைதான்.

ஒயில் இரண்டரை லீற்றர்தான் பிடிக்கும். கார்களைப்போல ஃபில்ட்டர் இல்லை, கம்பிவலை மட்டும். ஒயிலும் இந்த எஞ்சினுக்குக் குளிர்மை தருகிற ஒன்று. அதனால் 5000 கிலோமீற்றருக்கு ஒருதரம், வலையையும் கழுவி, மாற்றியே ஆகவேண்டும். கொழும்பில் 20டபிள்யூ-50 போடுங்கள்.

கடலோரம் | ஞாயிறு, காலை 9.00

ஐயா, குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஒரு மின்சார ஃபேனை எஞ்சின் அறைக்குள் வைத்தால் இன்னும் குளிராதா? என்னிடமும் கொம்பி இருக்கிறது, ஒருவர் அப்படிச் செய்து தருவதாகச் சொல்கிறார். 95 ஒக்டேன் பெற்றோல் போட்டால் சூடு குறையும் என்றும் சொல்கிறார்.

கொட்டாஞ்சேனை ஸ்பானர் | ஞாயிறு, காலை 9.35

ரப்பரும் தகடும் சரியாக இருந்தால் அந்த ஃபேன் தேவையில்லை. அவை இல்லாவிட்டால் அந்த ஃபேன் சூட்டுக் காற்றைத்தான் சுற்றிச் சுற்றி அடிக்கும். அந்தக் காசுக்கு ரப்பர் பட்டை வாங்குங்கள்.

95 வேண்டாம். இதன் கொம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் அமுக்கும் விகிதம், ஏறத்தாழ ஏழரை, 92 தாராளமாகப் போதும். ஈயம் சேர்த்த பெற்றோலை 2002இல் நிறுத்தியபோதும் எல்லோரும் பயந்தார்கள். இதன் வால்வு இருக்கைகள் ஆரம்பத்திலிருந்தே கடினமான உருக்கு, ஒன்றும் ஆகவில்லை.

பஞ்சிகாவத்தை நானா | ஞாயிறு, இரவு 7.45

தங்கச்சி, நேற்று எங்கள் பக்கம்தான் வந்திருக்கிறீர்கள். நான் பழைய ஃபோக்ஸ்வேகன் சாமான் வைத்திருக்கிறவன். கடைப் பெயர் இங்கே போடமாட்டேன், விளம்பரம் ஆகிவிடும். ஆனால் வாங்கும் முறையைச் சொல்கிறேன்.

எஞ்சின் சாமானில் பெரும்பகுதி ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காருக்கும் கொம்பிக்கும் ஒன்றுதான். இந்த நாட்டில் பீட்டில் இன்னும் நிறைய ஓடுவதால் கேஸ்கட், பொயின்ற், பம்ப், ஃபேன் பெல்ட் எல்லாம் வந்துகொண்டே இருக்கும். பிரேசில் சாமானும் வரும். எஞ்சின் அறை ரப்பர் மட்டும் பீட்டிலுடையது கொம்பிக்குப் பொருந்தாது. 'எல்லாம் ஒன்றுதான், இழுத்துப் போடுங்கள்' என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். கண்டன்சருக்குப் பழையதைக் கையில் கொண்டு வாருங்கள், டிஸ்ரிபியூட்டரில் அடித்திருக்கும் இலக்கத்தைப் படம் எடுத்து வாருங்கள். பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் வயர் நீளமும் பிடிக்கிற இடமும் மாறும்.

கஷ்டமானது பொடிச் சாமான்தான். முன் கண்ணாடி ரப்பர், தள்ளுகதவின் உருளை, பூட்டு. இவை கண்ணில் பட்டால், தேவையில்லாவிட்டாலும் வாங்கி வையுங்கள். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய வண்டிகளைத் திருத்தி ஓட ஆரம்பித்தவர்கள் அதிகம். இருந்த பழைய கையிருப்பு அப்போதே கரைந்துவிட்டது.

டிங்கர் வேலை | செவ்வாய், இரவு 8.50

கடலிலிருந்து நூறு மீற்றர் என்று வாசித்ததிலிருந்து எனக்கு எஞ்சினைவிடப் பொடியைப் பற்றித்தான் யோசனை. மழைத்தண்ணீர் காய்ந்துவிடும். உப்பு அப்படி இல்லை, ஒட்டிக்கொண்டு இரவுப் பனி ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். படங்கு போர்த்தியது இன்னும் கெடுதல், உள்ளே வேர்த்துக்கொண்டே இருந்திருக்கும். கூரை இருந்து காற்றும் ஓடினால் அது போதும், படங்கு தேவையில்லை.

ஒரு காந்தமும் பழைய ஸ்க்ரூடிரைவரும் எடுத்துக்கொள்ளுங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டிதான். கதவுக்குக் கீழே ஓடும் சில், ஜாக் வைக்கும் இடம், பற்றரித் தட்டு, முன் கண்ணாடியின் கீழ் மூலைகள், கூரைப் பீலி, சில்லு வளைவு: இங்கெல்லாம் ஸ்க்ரூடிரைவரால் கொஞ்சம் அழுத்திக் குத்துங்கள். உள்ளே போனால் மனம் உடையவேண்டாம், ஓட்டை இப்போது தெரிவது நல்லது.

கொம்பிக்குத் தனியாகச் சட்டகம் கிடையாது. பொடியும் அடியும் ஒன்றாக ஒட்டிய பெட்டி. சில் வெளியே, நடுவே, உள்ளே என்று மூன்று தகடு. வெளித்தகட்டை மட்டும் ஒட்டிப் பெயிண்ட் அடித்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டு மழைக்காலம் அழகாக இருக்கும். பிறகு தள்ளுகதவு சரியாக மூடாமல் போகும்போதுதான் வான் நடுவில் தொய்ந்திருப்பது தெரியும். ஆகவே முதலில் உள்ளிருந்து வெளியே வெல்டிங், பிறகு நாகப் பிரைமர், உட்குழிகளுக்கு மெழுகு ஸ்ப்ரே, பெயிண்ட் எல்லாவற்றுக்கும் கடைசி. நீர் வடியும் துளைகளை யாரும் மூடிவிடாமல் பக்கத்தில் நின்று பாருங்கள்.

அப்பா செய்த பலகை வேலையை எறிந்துவிடாதீர்கள். கழற்றும்போது ஒவ்வொன்றுக்கும் பின்னால் பென்சிலால் இலக்கம் போடுங்கள். பலகையைத் தகட்டோடு நேரே ஒட்டியிருந்தால் அங்கே ஈரம் தங்கும், நடுவே சின்ன ரப்பர்த் துண்டு வைத்துப் பூட்டுங்கள். அடுப்புக்கு காஸ் சிலிண்டர் உள்ளே வைப்பதானால், அந்தப் பெட்டியின் தரையில் வெளியே போகிற ஒரு துளை கட்டாயம். சமையல் காஸ் காற்றைவிடப் பாரம், கசிந்தால் தரையில்தான் தேங்கும், நீங்கள் படுக்கிற மட்டத்தில்.

வெள்ளவத்தைக் கொம்பி | ஐந்து வாரத்துக்குப் பிறகு, ஞாயிறு இரவு

எல்லோருக்கும் ஒன்றாகவே எழுதுகிறேன்.

கண்டன்சர் மாற்றிய அன்றே பொறி நீலம். அதற்குப் பிறகு ஒருதரமும் நிற்கவில்லை. நானா சொன்ன மாதிரி இலக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு போனதால், முதல் கடையில் தந்தது வேறு வகை என்று எனக்கே தெரிந்தது.

எஞ்சினை ஸ்பானர் ஐயாவுக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் பாஸ் எங்கள் வீட்டுக்கே வந்து இறக்கினார். அடித் தகடு இரண்டில் ஒன்று இல்லை. பின்பக்கப் பெற்றோல் குழாய்? அதைப் படம் எடுத்துப் போடக்கூட எனக்குக் கூச்சமாக இருக்கிறது, கையில் எடுத்ததும் இரண்டாக வந்தது. பாஸ் ஒன்றும் பேசவில்லை, அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். வால்வு எட்டில் மூன்று இறுகி இருந்தது.

தகடு, ரப்பர், துளை மூடி எல்லாம் போட்டு, இப்போது அதே காலி வீதியில், அதே நெரிசலில், வெள்ளவத்தையிலிருந்து கோட்டை வரை ஒன்றரை மணி நேரம். ஒயில் டிப்ஸ்டிக்கை முன்பு தொடவே முடியாது, இப்போது சீலையால் பிடித்து ஆறுதலாகத் துடைக்க முடிகிறது. புகைப் பரிசோதனையும் முதல் தடவையிலேயே முடிந்தது.

ஸ்க்ரூடிரைவர் இடது பக்கம் கதவுக்குக் கீழே உள்ள சில் தகட்டில் இரண்டு இடத்தில் உள்ளே போனது. வெல்டிங் முடிந்து பிரைமர் நிறத்தில் நிற்கிறது. பெயிண்டுக்குக் காசு பிறகு சேர்ப்போம். பிரேக், ரயர் முடிந்தது. ஹட்டன் றோட் தம்பி, அடுத்த கிழமை வருகிறோம். கண்டி, றம்பொடை வழியா, அவிசாவளை, ஹட்டன் வழியா?

ஹட்டன் றோட் | ஞாயிறு, இரவு 10.30

அவிசாவளை, கினிகத்தேனை, ஹட்டன், தலவாக்கலை. றம்பொடைப் பக்கம் ஏற்றம் ஒரேயடியாக வரும், முதல் பயணத்துக்கு வேண்டாம் அக்கா. எஞ்சின் திணற ஆரம்பிக்கும் முன்னரே கியரை இறக்குங்கள். மெதுவாக, அதிக சுற்றில் போனால்தான் ஃபேனும் வேகமாகச் சுற்றும். இறங்கும்போது இரண்டாம் கியர், பிரேக்கைப் பிடித்தபடியே வரவேண்டாம், பிடித்துப் பிடித்து விடுங்கள்.

கொட்டாஞ்சேனை ஸ்பானர் | திங்கள், காலை 5.45

ஃபேன் பெல்ட் ஒன்று, 21 ஸ்பானர், பெரிய ஸ்க்ரூடிரைவர். இவை மூன்றும் இல்லாமல் வீட்டுக் கேற்றைத் தாண்டவேண்டாம். பற்றரி சிவப்பு விளக்கு எரிந்தால் இது மற்ற வாகனங்களைப்போல இல்லை, பெல்ட் அறுந்திருக்கலாம், அறுந்தால் குளிர்விக்கிற ஃபேனும் நின்றிருக்கும். அடுத்த வளைவு வரை போய்ப் பார்ப்போம் என்று நினைக்காமல் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். பெல்ட் இறுக்கம் கப்பிக்குள் வைக்கும் வளையங்களால்தான் வரும். பெருவிரலால் அழுத்தினால் 15 மில்லிமீற்றர் அளவு இறங்கவேண்டும். போகும் முன்னர் வீட்டில் ஒருதரம் கழற்றிப் பூட்டிப் பழகுங்கள், மழையில் பழகுவது கஷ்டம்.

வெள்ளவத்தைக் கொம்பி | அடுத்த ஞாயிறு, நுவரெலியாவிலிருந்து

வந்து சேர்ந்துவிட்டோம். காலை நாலரைக்கு வெளிக்கிட்டு, கினிகத்தேனையில் ஒருதரம், தலவாக்கலையில் ஒருதரம் ஆறவிட்டோம், நிற்கவில்லை. ஏற்றத்தில் எங்களுக்குப் பின்னால் வந்த பஸ்களுக்கெல்லாம் ஒதுங்கி வழி விட்டோம். அம்மா இப்போது பின்னால், அப்பாவின் கட்டிலில் போர்வையைச் சுற்றிக்கொண்டு தேத்தண்ணீர் குடிக்கிறார்.

ஐயா, ஒரு சந்தேகம். நிறுத்தி வைத்த இடத்தில் ஒரு சொட்டு ஒயில், ஐந்து ரூபாக் குற்றி அளவு. வலது பக்கம், சிலிண்டருக்குக் கீழே உள்ள குழாய்களில் ஒன்றிலிருந்து வருகிறது. நாளை இறங்கலாமா?

கொட்டாஞ்சேனை ஸ்பானர் | ஞாயிறு, இரவு 8.05

புஷ்றொட் குழாயின் சீல். பழைய ரப்பர், புதுச் சூடு. அவசரமில்லை, பயமில்லாமல் இறங்குங்கள். இன்று இரவு அடியில் ஒரு காட்போட் மட்டையை விரித்து வையுங்கள். காலையில் சொட்டு எவ்வளவு பெருத்திருக்கிறது என்று பார்த்து, ஸ்டார்ட் பண்ணும் முன்னர் டிப்ஸ்டிக்கையும் பார்த்து எழுதுங்கள். அம்மாவுக்கு நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.